கண் திறந்த ஜெபம்

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்த தேவநேசனுக்கு ஒரு பெருமை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் குடும்ப ஜெபம் ஒரு சாயங்காலம்கூட நின்றதில்லை. அடையாற்று வெள்ளம் கீழ்வீடுகளுக்குள் புகுந்த வருஷத்தில்கூட, கரண்ட் இல்லாமல், மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் குந்தி, பாடி, வேதம் வாசித்து, மூன்று பேரும் முழங்காலில் நின்றார்கள். "நம்ம வூட்ல எது நின்னாலும் அது நிக்காது பிரதர்" என்று சபையில் யாரைப் பார்த்தாலும் சொல்வார்.

மூன்று பேர் என்றால் தேவநேசன், அவர் மனைவி புஷ்பம், ஒரே மகள் ஜெமிமா. ஜெமிமாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

ஜெபம் எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். பாய் விரிப்பார்கள். புஷ்பம் பாட்டு எடுப்பாள். தேவநேசன் வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பார். அவர் எந்த வரியில் இருக்கிறார் என்று புஷ்பம் மகளின் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டுவாள். பிறகு முழங்கால். கண்ணை மூட வேண்டும். சின்ன வயதில் ஜெமிமா கண்ணைத் திறந்து திறந்து பார்த்ததற்காகத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறாள். அப்பா ஜெபித்து முடித்ததும் அம்மா அவள் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவாள். அதுதான் அவளுக்கு ஆமென்.

அவள் குழந்தையாக இருந்தபோது காட்டிய டாக்டர் ஒருவர், "வீட்ல கையால பேசிப் பழக்காதீங்க, அப்புறம் வாயே தொறக்காது" என்று சொல்லியிருந்தார். தேவநேசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாய்ப்பேச்சும் வரவில்லை. சைகை மொழியை ஜெமிமா பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் கற்றுக்கொண்டாள். வீட்டில் அவளோடு பேச்சு என்றால் சாப்பிட்டாயா, தூங்கு, ஆபீசுக்கு நேரமாயிற்று என்கிற அளவோடு சரி. அவள் தி.நகரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பங்கள் வடிவமைத்தாள். கெட்டிக்காரி என்று அங்கே பெயர். அதுவும் வேறு யாரோ சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் தேவநேசன் ஆமென் சொல்லும் நேரமும் குக்கர் விசில் அடிக்கும் நேரமும் ஒன்றாக வந்தன. புஷ்பம் எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். தட்ட மறந்துவிட்டாள். தேவநேசன் எழுந்து டிவியில் நியூஸ் போட்டார். ஜெமிமா மட்டும் பாயில், கண்ணை மூடி, கை கூப்பி, முழங்காலில் நின்றுகொண்டே இருந்தாள்.

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு வேலம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "யம்மா, இன்னாமா சாமி கும்புடறா பாரு உம் பொண்ணு! இந்தக் காலத்துல இப்டி ஒரு புள்ளையா!"

புஷ்பம் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். தேவநேசனும் திரும்பிப் பார்த்தார். இருவர் முகத்திலும் பெருமை பூத்தது.

கால் மரத்துப்போய் ஜெமிமா தானாகவே கண்ணைத் திறந்தபோது, டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பாய் விரித்ததும் அவள் வரவில்லை. தேவநேசன் அறை வாசலில் போய் நின்று கையால் கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் செல்போனை எடுத்து, தட்டித் தட்டி எழுதி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நேத்து எப்ப முடிஞ்சது எனக்குத் தெரியல. கண்ண மூடினா அங்க நீங்க இல்ல. அம்மா இல்ல. ஆண்டவரும் இல்ல. நான் மட்டும். இனிமே வர மாட்டேன்."

தேவநேசனுக்குக் காது மடல் சிவந்தது. "இன்னா எழுதிக்கீறா பாரு புஷ்பம்! ஆண்டவரே இல்லியாம்! இதுக்குத்தான் வளத்தமா இவளை?"

"மறந்துட்டங்க நேத்து. தட்ட மறந்துட்டேன்" என்றாள் புஷ்பம்.

"தட்டலன்னா இன்னா? ஒரு நாளு மறந்ததுக்கு ஜெபத்தையே வுட்டுடுவாளா?"

அன்று இரண்டு பேர்தான் முழங்காலில் நின்றார்கள். தேவநேசன் சத்தமாக, மகளைத் திருத்தும்படி ஜெபித்தார். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வேலம்மா வீடுவரை போனது. அடுத்த அறையில் இருந்தவளுக்கு மட்டும் போகவில்லை.

அதற்கப்புறம் ஜெமிமா வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. கூட வேலை பார்க்கும் சாய்மா வீட்டுக்குத் திருவல்லிக்கேணி போய்விட்டு, ஜெபம் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகே வருவாள். சாய்மாவுக்கும் காது கேட்காது. தேவநேசன் பார்த்தார், பொறுத்தார். ஒருநாள் ஈக்காட்டுத்தாங்கலில் கம்பெனி விட்டதும், நேரே வண்டியைத் திருவல்லிக்கேணிக்கு விட்டார். மகளைக் கையோடு அழைத்து வந்து பாயில் உட்கார வைப்பது என்ற முடிவோடுதான் போனார்.

பெரிய மசூதிக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. விசாரித்து மாடி ஏறினார். கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தொண்டை கிழிகிற மாதிரி, கொஞ்சம் கரகரத்து, அடக்கமே இல்லாத சிரிப்பு. யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். தரையில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் சமோசாத் தட்டை வைத்து, வீடே வட்டமாக உட்கார்ந்திருந்தது. சாய்மாவின் அப்பா ஹபீபுர் ரஹ்மான் இரண்டு கையாலும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஸ்கூட்டரை நிறுத்துகிறார்கள், மாடு வருகிறது, ஸ்கூட்டர் சீட்டை மாடு நக்குகிறது, ஆள் ஓடி வருகிறார். ஒரு வார்த்தை பேசாமலே தேவநேசனுக்குக்கூடப் புரிந்தது. சுற்றியிருந்த எல்லோர் கண்ணும் அந்தக் கைகளின் மேல் இருந்தன. அந்தச் சிரிப்பு ஜெமிமாவுடையது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்மாவின் தோளில் சரிந்து சிரித்தாள். பிறகு தன் கையால் ஒன்று சொன்னாள். இப்போது வீடு முழுக்கச் சிரித்தது.

வாசலில் நின்ற அப்பாவை அவள் பார்த்தாள். சிரிப்பு பட்டென்று நின்றது. நிமிர்ந்து, துப்பட்டாவைச் சரிசெய்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் எப்படி உட்காருவாளோ அப்படி.

"ஜெமி அப்பாவா? வாங்க சார், வாங்க. இன்னா வெளியவே நிக்கிறீங்க?" என்று ஹபீபுர் ரஹ்மான் எழுந்து வந்தார். "உங்க பொண்ணு இருந்தா எங்க வூட்டுக்கு டிவியே வேணாம். இன்னா காமெடி பண்றா!"

"அவ... இப்ப இன்னா சொன்னா பாய்?"

"அந்த மாடு சீட்ட நக்குச்சே, அது எங்க ஸ்டுடியோ ஓனரு நோட்டு எண்றப்ப வெரல நக்குவாரே, அந்த மாதிரி கீதுன்னா." சொல்லும்போதே அவருக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

தேவநேசன் சிரிக்க முயன்றார். டீ கொடுத்தார்கள், குடித்தார். கிளம்பும்போது கேட்டார். "நீங்கள்லாம் எப்ப பாய் கத்துக்கினீங்க இத?"

"சாய்மாதான் சொல்லிக் குடுத்தா. அவ பேசறது நமக்குத் தெரியணும்ல சார்?"

கடற்கரைச் சாலை வழியாக, சாந்தோம் தாண்டி, அப்பாவும் மகளும் வண்டியில் வந்தார்கள். அவர் திட்டவில்லை. என்ன நடந்தது என்று புஷ்பம் கேட்டபோது, "அவ சிரிக்கிறா புஷ்பம். சத்தமா சிரிக்கிறா. நமக்குத்தான் தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் ஜெமிமா காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். மேலே கையைக் காட்டி, பிறகு தன் இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டினார். எப்படி என்று கேட்கிறார். அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் பக்கத்தில் இருந்த வேதத்தைத் திறந்து இயேசு என்ற பெயரில் விரல் வைத்தார். மறுபடி கையை நீட்டினார்.

ஜெமிமா டம்ளரைக் கீழே வைத்தாள். நடுவிரலால் ஒரு உள்ளங்கையைத் தொட்டாள். பிறகு மாற்றி, மறு உள்ளங்கையைத் தொட்டாள். ஆணி பாய்ந்த இடம்.

எத்தனையோ ஆயிரம் தடவை வாயால் சொன்ன பெயர்தான். தேவநேசன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தானும் அப்படித் தொட்டார். முதலில் இந்தக் கை. பிறகு அந்தக் கை. ஜெமிமா அவர் விரலைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் நடுவில் வைத்தாள்.

அன்றிலிருந்து பாடம் தொடங்கியது. ஸ்பேனர் பிடித்து இறுகிப்போன அவர் விரல்கள் லேசில் மடங்கவில்லை. நன்றி என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் காட்டியது என்னவோ, ஜெமிமா பாயில் புரண்டு சிரித்தாள். அந்தக் கரகரச் சிரிப்பு இப்போது இந்த வீட்டிலும் கேட்டது. என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் சொல்ல மறுத்துவிட்டாள்.

புஷ்பத்துக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சைகை அவளுக்கு வேகமாக வந்தது, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிப்பது அவளுக்குப் பாவம் போல இருந்தது. "கண்ண தொறந்தா மனசு அலையுதுங்க. சின்ன புள்ளைல இருந்து மூடியே பழக்கம்" என்பாள். ஜெமிமா முதன்முதலாகக் கையால் ஜெபித்த சாயங்காலம், புஷ்பத்தின் இமைகள் தானாக மூடிக்கொண்டன. ஜெமிமா கையை நிறுத்தி, அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். புஷ்பம் கண்ணைத் திறந்தாள். மகளின் முகம் இரண்டு சாண் தூரத்தில் இருந்தது. புருவம் ஏறி, உதடு துடித்து, கெஞ்சி, நன்றி சொல்லி, அந்த முகமே ஜெபித்தது. புஷ்பம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்தபோதும் மூடவில்லை.

"இத்தினி வருஷமா இந்த மூஞ்சிய நான் ஜெபத்துல பாத்ததே இல்லியே" என்று அப்புறம் கணவரிடம் சொல்லி அழுதாள்.

கோடை போய் மழை தொடங்கியபோது, அந்த வட்டாரத்துச் சபைக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி நடத்தும் ஏரியா ஜெபம் தேவநேசன் வீட்டுக்கு வந்தது. அதை முன்நின்று நடத்துபவர் ஜவஹர். கணீரென்ற குரல், நீளமான ஜெபம், ஒழுங்கு தவறினால் பொறுக்காத மனிதர். அவரிடம் தேவநேசன் போய், இந்தத் தடவை தன் மகள் ஜெபத்தை நடத்துவாள், அவள் கையால் சொல்வதைத் தான் வாயால் சொல்வேன், எல்லோரும் கண்ணைத் திறந்திருக்க வேண்டும் என்றார்.

ஜவஹர் முகம் சுருங்கியது. "பிரதர், பாசம் வேற, ஒழுங்கு வேற. ஜெபத்துல கண்ண தொறந்து வெச்சிகினு ஆளாளுக்கு வேடிக்கை பாத்தா அது ஜெபமா?"

"வேடிக்கை இல்ல பிரதர். கண்ண மூடிக்கினா அவ சொல்றது யாருக்குத் தெரியும்?"

"ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்கு எப்பவும் தெரியும். நமக்குத்தான் தெரியல." தேவநேசன் குரலை உயர்த்தவில்லை. "என் வூட்ல நடக்கிற ஜெபம் என் பொண்ணுக்கும் ஜெபமா இருக்கணும். அவ்ளோதான். நீங்க வரணும்."

ஜவஹர் வந்தார். பேண்ட் பாக்கெட்டில் ஒரு கையை விட்டுக்கொண்டு, கதவோரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சின்ன ஹால் நிறைந்து, வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். வெளியே மழை. ஜெமிமா நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் எல்லோரும் எல்லோரையும் பார்க்கும்படி சுவரோரமாகச் சுற்றிப் போட்டிருந்தாள். நடுவில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றாள். தேவநேசன் எதிரில் நின்றார்.

பாட்டு முடிந்தது. "ஜெபிப்போம்" என்று தேவநேசன் சொன்னதும் பாதிப் பேர் பழக்கத்தில் கண்ணை மூடி, மற்றவர்கள் இடித்ததும் திறந்தார்கள். சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

ஜெமிமா தன் உள்ளங்கைகளைத் தொட்டுத் தொடங்கினாள். தேவநேசனின் குரல் பின்னால் வந்தது. "இயேசுவே... இந்த வூட்டுக்காக நன்றி. வந்தவங்களுக்காக நன்றி. மழை... மழை வேணும், ஆனா ஆறு வீட்டுக்குள்ள வர வேணாம்." யாரோ ஆமென் என்றார்கள். "சாய்மா அம்மாவுக்கு முழங்கால்ல..." அவர் நின்றார். அந்தச் சைகை தெரியவில்லை. ஜெமிமா திரும்பச் செய்தாள். அவர் தலையைச் சொறிந்தார். "ஆபரேஷன்!" என்று வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெமிமா அந்தப் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்தினாள். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் கண்ணை எடுக்கவில்லை.

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். தேவநேசன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஜவஹர் அங்கிளுக்காக... அவரு எல்லாருக்காகவும் ஜெபம் பண்றாரு. ஏரியா ஜெபத்துல நாங்க கண்ண மூடிக்கினு இருந்தப்ப இவ மட்டும்... அவரைப் பாத்திருக்கா..."

கரண்ட் போய்விட்டது.

டியூப்லைட் அணைந்ததும் ஹால் கும்மிருட்டானது. ஜெமிமாவின் கைகள் எங்கே என்றே தெரியவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு அம்மாள், "சரி, கண்ண மூடி முடிச்சிடலாம்" என்று முணுமுணுத்தாள்.

கதவோரத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜவஹரின் செல்போன். அந்த வெளிச்சம் கூட்டத்துக்கு மேலாக நகர்ந்து, ஜெமிமாவின் கைகளில் வந்து நின்றது. நிற்கவில்லை, ஆடியது. பிடித்திருந்த கை நடுங்கியது. பாக்கெட்டுக்குள்ளேயே இருந்த கை அதுதான்.

"இன்னா பாத்தாளாம் பிரதர்?" அந்தக் கணீர்க்குரல் உடைந்திருந்தது. "சொல்லச் சொல்லு."

ஜெமிமா அந்த ஆடும் வெளிச்சத்தில் மெதுவாகச் சொன்னாள். தேவநேசன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அவரு கை நடுங்குது. ரொம்ப நாளா நடுங்குது. மறைச்சி வெக்கிறாரு. பயப்படறாரு. அவருக்காக யாரும் ஜெபம் பண்ணல, ஏன்னா யாரும் பாக்கல. இயேசுவே, உன் கைக்கு வலி தெரியும். அவரு கையைப் பிடிச்சிக்கோ."

ஜவஹர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்தவர் அவர் நடுங்கும் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குள் இன்னொரு செல்போன் எரிந்தது. பிறகு இன்னொன்று. வராந்தாவில், அடுப்படி வாசலில், ஜன்னலோரத்தில் ஒவ்வொன்றாக எரிந்து, ஹால் முழுக்க வெளிச்சம் அவள் கைகளை நோக்கி வந்தது. டியூப்லைட் இருந்தபோதுகூட அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஜெமிமா சுற்றிப் பார்த்தாள். ஒரு கண்கூட மூடியிருக்கவில்லை. அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் நிமிர்ந்து, கைகளை அகல விரித்து, மீதி ஜெபத்தைச் சொல்லி முடித்தாள். தேவநேசன் ஆமென் என்றார். அவள் ஆமெனை எப்படிக் காட்டினாளோ அப்படியே எல்லோரும் காட்டினார்கள். சுவரெல்லாம் கைகளின் நிழல் எழுந்தது. அதைப் பார்த்து ஜெமிமா சத்தம் போட்டுச் சிரித்தாள்.

கரண்ட் வர வெகுநேரம் ஆயிற்று. ஒருவரும் கிளம்பவில்லை. புஷ்பம் கொடுத்த சுண்டலையும் டீயையும் அந்தச் செல்போன் வெளிச்சத்திலேயே சாப்பிட்டார்கள். ஜெமிமாவைச் சுற்றிப் பெண்கள் நின்று, தண்ணீர் எப்படி, மழை எப்படி, என் பேர் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜவஹர் போகும்போது அவள் முன் வந்து நின்றார். நடுங்கும் விரலால் ஒரு உள்ளங்கையைத் தொட்டார், பிறகு மறு உள்ளங்கையை. பிறகு தேவநேசனிடம், "அடுத்த மாசம் எங்க வூட்ல. இவதான் நடத்தணும். சொல்லிடு" என்றார்.

"நீங்களே சொல்லுங்க பிரதர். எதிர்லதான் நிக்கிறா."

ஜவஹர் யோசித்து, அவளைக் காட்டி, தன் வீட்டுத் திசையைக் காட்டி, கை கூப்பினார். ஜெமிமா சரி என்று தலையை ஆட்டினாள்.

எல்லோரும் படியிறங்கிப் போன பிறகு, ஜெமிமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பா முன் வந்து நின்றாள். வேக வேகமாக ஏதோ சொன்னாள். தேவநேசன் காணாதவர் போல நாற்காலிகளை அடுக்கினார்.

"இன்னாவாம்?" என்றாள் புஷ்பம்.

"ஒண்ணுமில்ல."

ஜெமிமா அம்மாவைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகத் திரும்பச் சொன்னாள். புஷ்பத்துக்குப் புரிந்தது. "நீங்க கடைசியில ஒரு வரிய வுட்டுட்டீங்களாமே? தெரிஞ்சே வுட்டீங்களாம்!"

"தொண்ட அடைச்சிகிச்சி புஷ்பம். எல்லாரு எதுர்லயும் எப்டி சொல்றது அத?"

"இப்ப யாரும் இல்ல. சொல்லுங்க."

ஜெமிமா அந்த வரியை மறுபடி கையால் சொன்னாள். அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். தேவநேசன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"எங்க அப்பா இப்ப என்கூடப் பேசறாரு" என்றார். பக்கத்து வீட்டு வேலம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு, சத்தமாகச் சொன்னார். "அதுக்காக நன்றி ஆண்டவரே!"